ஆனிச் சாரலும் எங்கள் வகுப்பு வீடும்

குழைத்த செம்மண்ணில் கால் வைத்ததும் முதலில் சில்லென்று இருக்கும். பிறகு விரலிடுக்கில் சேறு பிதுங்கிக் கூசும். அதில் கலந்த வைக்கோல் உள்ளங்காலைக் குத்தும். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதுகளில் ஒரு கோடை விடுமுறை முழுக்க எனக்கு அதுதான் வேலை. குற்றாலம் போகும் சாலையோரக் குடியிருப்பொன்று சித்திரை வெயிலில் தீப்பிடித்து எரிந்துபோக, ஒவ்வொரு வகுப்பும் அவர்களுக்கு ஒரு வீடு கட்டித் தருவோம் என்று எங்கள் டீச்சர் தென்காசியிலிருந்து மாட்டு வண்டிகளில் பெண்பிள்ளைகளை அழைத்துப் போனார். "சேறு மிதிக்கவா ஒன்னயப் படிக்கப் போடுதோம்?" என்று கேட்டாள் அம்மா. வீடு கூட்டச் சொன்னால் வயிற்றுவலி வந்துவிடும் எனக்கு. சேறு மிதிக்க மட்டும் கோழி கூவுமுன் எழுந்து நின்றேன்.

எங்கள் வகுப்புக்கு வாய்த்தது பேச்சியின் வீடு. நாற்று நடப் போகிறவள். புருஷனோடும் கைக்குழந்தையோடும் மாமியாரோடும் புளியமரத்தடியில் ஓலை மறைப்புக்குள் இருந்தாள். சாரல் தொடங்குமுன் அந்தப் பிஞ்சைக் கூரைக்குள் சேர்த்துவிட வேண்டும் என்பதே எல்லாருக்கும் கவலை. மண்சுவரை ஒரு முழம் எழுப்பினால் காயவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும். நாங்களோ பக்கத்து வகுப்பை முந்துகிற வீறாப்பில் ஈரத்தின் மேலேயே ஏற்றினோம். மறுநாள் போய்ப் பார்த்தால், விருந்து சாப்பிட்ட மாப்பிள்ளை மாதிரி சுவர் சாய்ந்து கிடந்தது. "படுத்துக் கெடக்கவனை எழுப்பி உக்கார வையிங்கட்டி" என்று பேச்சி விழுந்து விழுந்து சிரித்தாள்.

மறுபடி மிதித்து, மறுபடி எழுப்பி, அவள் புருஷன் ஓலை வேய்ந்து இறங்கியபோது ஆனி பிறந்துவிட்டது. ஆனியில் புது வீடு புகக் கூடாதென்று மாமியார் ஒரே பிடியாய் நின்றாள். "ஆனி அடியெடுக்காதே, கூனி குடிபோகாதேன்னு பெரியவுக சும்மாவா சொன்னாக? ஆவணி பொறக்கட்டும்." டீச்சர் கெஞ்சியும் பலிக்கவில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்று பிற்பகலே மலை இருட்டிக்கொண்டு சாரல் இறங்கியது. நாங்களெல்லாம் புது வீட்டுக்குள் ஓடினோம். பேச்சி பிள்ளையின் தலைமேல் நெல் புடைக்கும் சொளவைப் பிடித்தபடி மரத்தடியில் நின்றாள். ஒரு நிமிஷம் மாமியாரைப் பார்த்தாள். அடுத்த நிமிஷம் ஒரே ஓட்டமாக உள்ளே வந்துவிட்டாள்.

"ஏட்டி!" என்று கத்தினாள் கிழவி.

"நான் குடியா போறேன் அத்தே? மழைக்கு ஒதுங்குதேன்!"

கிழவி சற்று நேரம் நனைந்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே வந்து வாசலோரம் உட்கார்ந்தாள். உலை வைத்தால் குடிபோனதாகிவிடும் என்று சமையல் மட்டும் வெளியே கூரை இறவாரத்தின் கீழ் நடந்தது. அந்த ஒதுங்கல் ஆனி, ஆடி இரண்டு மாதமும் நீடித்தது. சனிக்கிழமைதோறும் போய், "குடி போயாச்சா?" என்று கேட்போம். வெயில் பல்லைக் காட்டினாலும், "இன்னும் மழை விடலட்டி" என்பாள் பேச்சி.

ஆவணியில் பால் காய்ச்சினார்கள். அதற்காகச் சட்டி பானை, பாய், பிள்ளை என்று எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கதவைச் சாத்தி, மறுபடி வலது காலை எடுத்து வைத்து நுழைந்தார்கள். "ஒதுங்கின வீடு நல்லாத்தான் இருந்துச்சு, குடியிருந்தும் பாப்போம்" என்றாள் கிழவி.

இப்போது அங்கே வரிசையாகக் காரை வீடுகள். எங்கள் கால் மிதித்த மண்ணில் ஒரு பிடிகூட மிச்சமில்லை. பஞ்சாங்கம் பார்த்து எத்தனையோ வீடுகளுக்குக் குடி போய்விட்டேன். அந்தப் பிள்ளை நனையாமல் கூரைக்குள் வந்து சேர்ந்த நேரத்தைவிட நல்ல நேரத்தை நான் இன்னும் பார்க்கவில்லை.