நடுப் பெடல்

சனிக்கிழமை பயிற்சி ஓட்டத்தில் கொண்டை ஊசி வளைவுக்கு வந்த நார்மன் திரும்பவில்லை. நேராகப் புல்லில் இறங்கி, வைக்கோல் கட்டுகளில் முட்டி நின்றார். காரின் மூக்கு கொஞ்சம் நசுங்கியது. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பிரேக் பிடிக்கல," என்றார், தலைக்கவசத்தைக் கழற்றும்போதே.

நான் வேலி ஓரம் நின்றிருந்தேன்.

நார்மன் என் கணவர். லெஸ்டர் பஸ் டிப்போவில் முப்பத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். 1934-இல் கட்டிய இந்தப் பந்தயக் காரை ஒரு கோழிக் கொட்டகையில் துருப்பிடித்த சட்டமாகக் கண்டெடுத்து, ஒன்பது குளிர்காலம் மல்லுக்கட்டி ஓட வைத்தார். அதில் இடது ஓரம் கிளட்ச், நடுவில் ஆக்ஸிலரேட்டர், வலது ஓரம் பிரேக். அந்தக் காலத்தில் அப்படியும் வைத்தார்கள். மற்றவர்கள் இப்போதைய காரைப் போல மாற்றிக்கொண்டார்கள். "மாத்தினா அது வேற கார்," என்று நார்மன் தொடவே இல்லை. முப்பது வருஷத்துக்கு மேல் அவர் கால் தவறியதில்லை.

போன இரண்டு வருஷம் முழங்கால் ஆபரேஷனால் பந்தயம் கிடையாது. வீட்டு வேனை மட்டும் ஓட்டினார். வேனில் பிரேக்தான் நடுவில்.

பந்தயக் காரின் பிரேக்குகளைப் பார்ப்பது க்ளைவ். அதே டிப்போக்காரர், எழுபது வயது, இடுப்பு வலி. மதியம் தூறலில், கூடாரத்துக்குள் ஈரப் புல்லில் மல்லாந்து கிடந்து நாலு சக்கரத்தையும் கழற்றினார். கேபிளை இழுத்துப் பார்த்தார். மாட்டினார். மறுபடி கழற்றினார்.

"எல்லாம் சரியாத்தான்டா இருக்கு. எதைத்தான் தேடுறது?"

"வியாழக்கிழமை நீதானே இறுக்கினே?" என்றார் நார்மன்.

பக்கத்துக் கூடாரத்துக்காரர் எட்டிப் பார்த்தார். "என்ன க்ளைவ், பஸ் கணக்கா ஸ்டாப் தாண்டி நிக்கிற மாதிரி வச்சுட்டியா?"

க்ளைவ் சிரிக்கவில்லை. நான் கொடுத்த டீ அவர் தலைமாட்டில் ஆறிக் கிடந்தது.

எனக்குப் பேச வராது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டுப் பின்னலாடை ஆலைக்குப் போனவள். அங்கே கேட்கத்தான் பழகினேன். ஊசி உடைவதற்கு முன்னால் இயந்திரத்தின் சத்தம் மாறும். வளைவுக்கு முன்னால் காரின் சத்தம் தணிய வேண்டும். அன்று அது ஏறியது. பிரேக் பிடிக்காத காருக்கு உறுமல் எதற்கு?

ஐந்து மணிக்கு க்ளைவ் மூன்றாம் முறையாகக் காருக்கடியில் போனார். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தே பேசினார்.

"முடியலடா. நாளைக்கு உன்னை ஓட்ட விட மாட்டேன். எங்க தப்பு விட்டேன்னு எனக்குத் தெரியல. இனிமே வேற ஆளைப் பாத்துக்கோ. என் கையை நானே நம்பல."

நார்மன் தன் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நார்மன்," என்றேன். "நான் வேலிகிட்டதான் நின்னேன். எஞ்சின் ஏறிச்சு."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். கூடாரத்தின் மேல் மழை விழுந்துகொண்டிருந்தது.

"பிரேக் நல்லா இருக்கு, க்ளைவ்," என்றார் கடைசியில். "கால்தான் நடுவுல போச்சு. எந்திரி."

க்ளைவ் எழவில்லை. "எப்பத் தெரியும் உனக்கு?"

"புல்லுல இறங்கும்போதே."

"மூணு தடவை கழட்டினேன்."

"தெரியும்."

"முதல் தடவைக்கு முன்னாடியே சொல்லியிருந்தா டீயாவது சூடா குடிச்சிருப்பேன், கழுதை."

"சொன்னா நாளைக்கு ஓட்ட விட மாட்டீங்க."

"இப்பவும் விட மாட்டோம்," என்று க்ளைவ் கையை நீட்டினார். "தூக்கு. இடுப்பு பிடிச்சுக்கிச்சு."

நார்மன் குனிந்தார். முழங்கால் மடங்கவில்லை. மறுபக்கம் நான் பிடித்தேன்.

ஞாயிறு காலை நார்மன் தானே பந்தய அலுவலகத்துக்குப் போய், பட்டியலில் தன் பெயரை அடித்துவிட்டு வந்தார். மூன்று பேரும் காரைத் தள்ளி டிரெய்லரில் ஏற்றினோம். அதற்கே ஒரு மணி நேரம் ஆனது. வேனை நான் ஓட்டினேன். பின் சீட்டில் க்ளைவ், ஊரைத் தாண்டுமுன் குறட்டை.

முதல் ரவுண்டானாவில், பக்கத்துச் சீட்டில் இருந்த நார்மனின் வலது கால் பிரேக் பிடிப்பது போல வெறும் தரையை அழுத்தியது. நடுவிலா, வலது ஓரத்திலா என்று நான் பார்க்கவில்லை.