நத்தைகள் இல்லாத குட்டை

அம்மா இறந்த வருடம் நான் பாதித் தூக்கத்தில்தான் நடமாடிக்கொண்டிருந்தேன். டாக்டர் ஒரு வெள்ளை மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். இரவில் ஒன்று, காலையில் பாதி. அழுகை நின்றுவிட்டது, கூடவே மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கணவரின் வேலைக்காகத் தென்கோடியிலிருந்து நாங்கள் குடிவந்திருந்த கடலோரக் குடியிருப்பிலிருந்து தினமும் செங்கல்பட்டுக்குப் பஸ் ஏறுவேன். சவுக்குத் தோப்பு, ஏரித் தண்ணீர், திருக்கழுக்குன்றத்து மலை எல்லாம் ஜன்னலில் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கிக்கொண்டு போகும். கண்டக்டர் தோளைத் தட்டி எழுப்பிய பிறகுதான் ஊர் வந்தது தெரியும்.

ஊருக்குச் சற்று வெளியே ஒரு சிறிய தனியார் மருத்துவமனையில் லேப் வேலை. தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. ரத்தம், சளி, சிறுநீர் பார்ப்பதோடு, கெமிஸ்ட்ரி படித்தவள் என்பதால் கொல்லைப்புறத்துக் கழிவுநீர்த் தொட்டியையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். வார்டுகளின் கழிவறைத் தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அதில் வந்து தங்கும். அடியில் கசடு படிந்ததும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றுவார்கள். அரை மணி கழித்து ஒரு குழாயில் கொஞ்சம் எடுத்து மருந்துச் சொட்டு விடுவேன். மஞ்சளானால் குளோரின் மிச்சமிருக்கிறது, கிருமி செத்தது என்று கணக்கு. நோட்டில் கையெழுத்துப் போடுவேன். வால்வைத் திறந்தால் தண்ணீர் கால்வாய் வழியாகப் பின்னாலிருந்த அல்லிக் குட்டையில் போய் விழும்.

பவுடர் கலக்கியது துப்புரவு வேலை பார்த்த ஓர் அக்கா. படாளத்துப் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. அவர் பெற்றோர் காலமெல்லாம் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். மாதச் சம்பளத்துக்கு வந்த முதல் ஆள் அந்த வீட்டில் இவர்தான். மதியம் நாங்கள் இருவரும் குட்டைக் கரையில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அக்கா ஓரிரண்டு பருக்கையைத் தண்ணீரோரம் போடுவார். நத்தைகள் அவசரமே இல்லாமல் அதை நோக்கி வரும். ஒரு பருக்கைக்கு ஒரு மதியம் ஆகும். பார்த்துக்கொண்டே இருப்பேன். அந்த மாதங்களில் என் வேகமும் அதுதான்.

அந்த ஐப்பசியில் ஊரெங்கும் காய்ச்சல். நடைபாதையில்கூடப் பாய் போட்டுப் படுத்திருந்தார்கள். மருந்து வைத்திருந்த அறையில் மழைத்தண்ணீர் புகுந்து, காய்ச்சல் மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் பெட்டி பெட்டியாக நனைந்துவிட்டன. மேனேஜர் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "எல்லாத்தையும் கரைச்சு தொட்டில ஊத்திடுங்க. பவுடர் ரெண்டு பங்கு போட்டுக்குங்க. ஒண்ணும் ஆவாது."

அக்கா பக்கெட்டில் கரைத்தார். நான் பக்கத்தில் நின்றேன். மழையில் தொட்டித் தண்ணீர் புள்ளி புள்ளியாகக் குழிந்தது அழகாக இருந்தது என்பதுதான் அன்றைக்கு எனக்கு நினைவிருப்பது. சொட்டு விட்டேன். நல்ல மஞ்சள். கையெழுத்துப் போட்டேன்.

நான்கு நாள் கழித்து அக்கா லேப் வாசலில் வந்து நின்றார். "இன்னாம்மா இது, நத்த ஒண்ணு கூட காணோம். தவளயும் கத்தல."

"மழ விட்டுட்டுல்லா அக்கா, அதான்."

"மழ எங்க வுட்டுச்சு? இன்னும் பெஞ்சிக்கினுதான கீது! கண்ணத் தொறந்து பாரு."

பார்த்தேன். பெய்துகொண்டுதான் இருந்தது.

குடை பிடித்துக்கொண்டு போனோம். நத்தை ஓடுகள் கரையோரம் காலியாக ஒதுங்கியிருந்தன. அல்லி இலைகளின் விளிம்பு வெளுத்திருந்தது. அக்கா ஓர் ஓட்டை எடுத்து உள்ளே ஊதிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

மறுநாள் நான் காலை மாத்திரையைப் போடவில்லை. லேப்பில் மூன்று கண்ணாடித் தம்ளர் எடுத்தேன். ஒன்றில் காய்ச்சல் மாத்திரை கரைத்து வடிகட்டிய தண்ணீர், ஒன்றில் பிளீச்சிங் கரைத்துத் தெளிந்த தண்ணீர். இரண்டும் நிறமில்லாமல் இருந்தன. மூன்றாவதில் இரண்டையும் கலந்தேன். மெல்ல மஞ்சளாகி, பிறகு ஆறிப்போன டீ நிறத்துக்கு வந்தது. அக்கா குனிந்து பார்த்தார்.

"மாத்திர எங்க போச்சு?"

"போகல அக்கா. வேற ஒண்ணா மாறிட்டு."

"நல்லதாவா, கெட்டதாவா?"

"தெரியல. அதப் பாக்கதுக்கு நம்மகிட்ட சொட்டு மருந்து இல்ல."

காய்ச்சலைத் தணிக்கும் மருந்தை குளோரின் அதைவிட நஞ்சான பொருள்களாக மாற்றக்கூடும் என்பதைப் பல வருடம் கழித்துத்தான் படித்தேன். எங்கள் நத்தைகளைக் கொன்றது அதுவா, இரண்டு பங்கு குளோரினேதானா, எனக்கு இன்றுவரை தெரியாது. அன்று தெரிந்தது இவ்வளவுதான்: கிருமி செத்ததா என்று மட்டுமே நான் பார்த்துவந்தேன். அந்தத் தண்ணீரில் எத்தனை பேர் விழுங்கிய மருந்து இருந்தது! என் வெள்ளை மாத்திரையிலும்கூட ஏதோ ஒரு பங்கு என் வழியாக அந்தத் தொட்டிக்குத்தான் போயிருக்கும். மாதக்கணக்கில் எனக்கு எதுவும் அப்படி உறைத்ததில்லை.

மூன்று தம்ளர்களையும் தட்டில் வைத்து மேனேஜரிடம் கொண்டுபோனேன். அக்காவும் வந்தார்.

"இன்னா மேடம், ஜூஸா?" என்று மேனேஜர் சிரித்தார். விளக்கிச் சொன்னேன். "ரூல்ல குளோரின் இருக்கணும்னு கீது. இருக்குதா, இல்லியா? அப்புறம் இன்னா பேஜாரு?"

அக்கா மூன்றாவது தம்ளரை அவர் பக்கம் நகர்த்தினார். "இதுல கை கழுவுங்க சார், பாப்போம்."

அவர் தம்ளரைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். கையை மட்டும் மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டார்.

குளோரினை நிறுத்தச் சொல்லி நான் கேட்கவில்லை. வயிற்றுப்போக்கு வார்டு நிறைந்திருந்தது. கிருமி பரவும் என்ற பயம் பொய்யில்லை. கெட்டுப்போன மாத்திரையைத் தொட்டியில் கொட்டக் கூடாது, மூடி போட்ட டிரம்மில் சேர்த்து மருந்து கொடுத்தவர்களுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்றேன். சும்மா கிடந்த பழைய தண்ணீர்த் தொட்டியையும் கேட்டேன். "இன்னாவோ செய்ங்க" என்றார். அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம். அன்றிலிருந்து பவுடரை அளந்து, தேவைக்கு மட்டும் போட்டோம். கிருமி செத்த தண்ணீரை அந்தப் பழைய தொட்டியில் இரண்டு மூன்று நாள் வெயிலில் கிடக்கவிட்டு, சொட்டு விட்டால் வரும் மஞ்சள் அநேகமாகப் போன பிறகே குட்டைக்கு விட்டோம். கரைந்த மருந்துக்கு அது போதாது என்று எனக்குத் தெரியும். வேறு வழி தெரியவில்லை.

டாக்டர் சொன்னபடி என் மாத்திரையும் கால் கால் பங்காகக் குறைந்தது. அப்போதுதான் அம்மாவுக்காக முழுசாக அழுதேன், பஸ்ஸில், எல்லோர் முன்னாலும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மீன்கார அம்மா எதுவும் கேட்காமல் கூடையைத் தள்ளி வைத்து இடம் விட்டார்.

அடுத்த வருட மழைக்கு நத்தைகள் வந்தன. அக்கா ஐந்து வரை எண்ணினார். தவளைகள் வரவில்லை.

பெண் பிறந்தபோது வேலையை விட்டேன். சில வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது கட்டடம் கை மாறி நான்கு மாடியாகியிருந்தது. குட்டையை மண் போட்டுத் தூர்த்து வண்டி நிறுத்துகிறார்கள். கழிவுநீர் பூமிக்கடியில் குழாயில் போகிறதாம். அக்கா இன்னும் அங்கேதான் இருந்தார், சூப்பர்வைசராக, நீலச் சேலையில். என் மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். குழாய் எங்கே போய் முடிகிறது என்று கேட்டேன்.

"அதத்தாம்மா நானும் கேட்டுக்கினே கீறேன். ஒருத்தனும் சொல்ல மாட்றான்" என்றார். பிறகு எங்கள் இருவருக்கும் டீ சொன்னார்.