கீழே ஒரு வகுப்பறை

ஜும்ஆத் தொழுகைக்கு நடந்துபோன வழியில் என் இடது காற்செருப்பு கழன்று விழுந்திருக்கிறது. பின்னால் வந்தவர் எடுத்துத் தரும்வரை எனக்குத் தெரியாது. நண்பகல் வெயிலில் தார் வீதியில் வெறுங்காலை ஊன்றி நடந்திருக்கிறேன், சூடும் தெரியவில்லை. பொழுது சாய்ந்து மஃரிபு ஆவதற்குள் இடுப்புக்குக் கீழே எதுவும் என்னுடையதாக இல்லை. முள்ளந்தண்டு வடத்தில் அழற்சி என்று கொழும்பில் சொன்னார்கள். நரம்பு எவ்வளவு மீளும் என்று கேட்டதற்கு, பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார்கள். கல்முனையில் பதினாறு வருடம் கணிதம் படிப்பித்தவன், இரண்டு பேர் தூக்கித்தான் வீட்டுக்குள் வந்தேன்.

பார்க்க வந்தவர்கள் எல்லோரும் சபூர் செய்யச் சொன்னார்கள், பொறுத்துக்கொள்ளச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் எழும்பி நடந்த ஒரு ஆளைத் தெரிந்திருந்தது. அட்டாளைச்சேனையில் ஒருவர் என்னைப்போலவே கிடந்து ஆறு மாதத்தில் மோட்டார் சைக்கிள் ஓடினாராம். விசாரித்தேன். அவருக்கு வந்தது வெறும் இடுப்புப் பிடிப்பு.

கால்களுக்குப் பயிற்சி தர பாண்டிருப்பிலிருந்து ஒரு மிஸ் வந்தார். முதல் நாளே, எழும்பினால் முதலில் என்ன செய்ய விருப்பம் என்று கேட்டார். நின்று தொழ வேண்டும் என்று மனைவி எனக்காகப் பதில் சொன்னாள்.

"இல்ல. தனியா கக்கூசுக்குப் போகணும்," என்றேன்.

மிஸ் சிரிக்கவில்லை. "அது போதும் சேர்," என்றார்.

சிறுநீர்க் குழாயின் பையை மாற்றுவதும் என்னைக் கழுவுவதும் மனைவிதான். ஒரு நாளும் அவள் முகம் சுளித்ததில்லை. சுளித்திருந்தால் திட்டியாவது இருப்பேன். அந்த முகத்துக்குப் பயந்துதான் வீட்டு வளவில் நட்ட இரும்புக் குழாய்களைப் பிடித்துக்கொண்டு காலையும், பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகும் நின்றேன். முழங்கால் மடங்கி விழுந்தேன். திரும்பவும் நின்றேன். பெருநாளன்று வீட்டில் எல்லோரும் பள்ளிவாசலுக்குப் போயிருந்த நேரம், வோக்கரைத் தள்ளிக்கொண்டு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். உள்ளே இருந்து அழுதேன்.

அதன் பிறகு, திரும்பப் படிப்பிக்க வருகிறேன் என்று பாடசாலை அதிபரிடம் சொன்னேன். என் வகுப்புகள் மேல்மாடியில். கீழே ஓர் அறை மட்டும் கேட்டேன். கீழே சின்ன வகுப்புகள், பாட நேரசூசி போட்டாயிற்று என்றார். மருத்துவ ஓய்வூதியத்துக்கு எழுதினால் நல்லது என்றும் மெதுவாகச் சொன்னார்.

இரண்டு கிழமையில் அவரே அழைத்தார். சாதாரணதரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு ஊக்கம் தரும்படி நான் வந்து கதைக்க வேண்டுமாம். என்னைவிட நல்ல உதாரணம் கிடைக்காதாம். போயிருக்கக் கூடாது. ஆனால் பிள்ளைகளைப் பார்க்க ஆசையாக இருந்தது.

மேடைக்கு நான்கு படி. இரண்டு ஆசிரியர்கள் என்னைக் கதிரையோடு தூக்கி வைத்தார்கள். ஒருவர் அதைப் படம் பிடித்தார். விடாமுயற்சி பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. கழிவறையைப் பற்றிச் சொன்னேன். பின்வரிசையில் சிலர் சிரித்தார்கள், பிறகு அடங்கிவிட்டார்கள். முடிவில் ஒரு மாணவி எழும்பினாள்.

"சேர், எங்களுக்கு எப்ப படிப்பிக்க வாறீங்க?"

"நான் ரெடி மகள். அத அதிபர்ட்டக் கேளுங்க."

அதிபர் மைக்கை வாங்கி, எனக்காக எல்லோரையும் இறைவனிடம் துஆ செய்யச் சொன்னார். பிள்ளைகள் கையேந்தினார்கள். அவருடைய கைதான் எல்லோருடையதிலும் உயரத்தில் இருந்தது. நான் ஏந்தவில்லை. அன்றே என் படம் முகநூலில் வந்தது: 'தோல்வியை அறியாத ஆசான்.'

கீழே ஒரு வகுப்பறை கேட்டு வலயக் கல்விப் பணிமனைக்கு எழுதினேன். கீழே இருக்கும் பாடசாலை நூலகத்துக்குப் பொறுப்பாகப் போட்டார்கள். இப்போது நாள் முழுக்க அங்கே இருக்கிறேன்; ஒரு பாடவேளைகூட இல்லை. கணிதத்துக்கு ஆளில்லாமல் ஒரு வகுப்பு பாதி வருடமாகச் சும்மா இருக்கிற சத்தம் அங்கிருந்தே கேட்கிறது.

பயிற்சியை விடவில்லை. இப்போது வோக்கரை விட்டுவிட்டு, மேல்மாடி வகுப்புக்குப் போக ஊன்றுகோலில் படி ஏறிப் பழகுகிறேன். எது என்னை எழுப்புகிறது என்று கேட்டால் நம்பிக்கை என்று சொல்லமாட்டேன். துஆவுக்கு உயர்ந்த அதிபரின் அந்தக் கை கண்ணுக்குள் நிற்கிறது. அதை நினைத்தால் கால் தானாக எழும்புகிறது. மனைவிக்கு இது தெரியும்.

"கோவத்துல ஏறாதீங்க, விழுந்திருவீங்க," என்கிறாள்.

போன கிழமை விழுந்தேன். மணிக்கட்டு இன்னும் வீங்கித்தான் இருக்கிறது.