பெஞ்சுக்கு அடியில் போட்ட கோடுகள்

எங்கள் தெருவில் மாமா இல்லாத பிள்ளையே கிடையாது. ஆனால் ரேஸ் குதிரை ஓட்டும் மாமா எனக்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு மட்டாஞ்சேரிப் பள்ளிக்கூடத்தில் நான் ஆடிய ஆட்டம் கொஞ்சமல்ல. மதராஸில் அவர் விழுந்து, குதிரையும் அவர் கால்மேல் விழுந்து, முழங்காலும் அதற்குக் கீழே உள்ள எலும்பும் உடைந்து எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் என் பெருமை குறையவில்லை. அப்படி விழுவதற்கும் ஒரு குதிரை வேண்டுமே.

வந்தபோது கால் மரக்கட்டை மாதிரி நீட்டியபடியே இருந்தது. ரேஸில் ஓட்டுகிறவர்கள் குதிரைமேல் உட்காருவதில்லை, முழங்காலை நன்றாக மடக்கிக் குந்தினாற்போல் இருக்க வேண்டும் என்று மாமாதான் சொன்னார். அதனால் நடந்தால் மட்டும் போதாது, கால் மடங்க வேண்டும். குதிரை முதலாளி கடிதம் போட்டிருந்தார்: அடுத்த ஊட்டி ரேஸ் சீசனுக்குள் மடங்கினால் வேலை இருக்கிறது, இல்லையென்றால் வேறு ஆள்.

பக்கத்துப் பள்ளுருத்தியிலிருந்து சனிக்கிழமைதோறும் மலையாள வைத்தியர் ஒருவர் வந்து எண்ணெய் தேய்த்து உருவிவிட்டார். ஆசான் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவரிடம் ஒரு முறை இருந்தது. மாமா சுவரோரப் பெஞ்சில் முதுகை ஒட்டி உட்கார்ந்து பாதத்தைத் தரையோடு உள்ளே இழுக்க வேண்டும். குதிகால் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் ஒரு கோடு. கோடு சுவரை நெருங்க நெருங்க முழங்கால் மடங்குகிறது என்று அர்த்தம். நோயாளி மட்டும் அந்தக் கோட்டைப் போடக் கூடாது.

"மோளே, நீ வரைஞ்சா மதி," என்று ஆசான் அந்த வேலையை எனக்குக் கொடுத்தார். "இவன் கையில சாக்பீஸ் குடுக்கண்டா. ஆசையில ரெண்டு விரல் கூட்டிப் போடுவான். அப்புறம் குதிரையில கேறித் திரும்பவும் ஒடிச்சிட்டு வருவான்."

"என்மேல அவ்வளவு நம்பிக்கை," என்றார் மாமா.

முதல் நாலு மாதம் கோடுகள் ஒன்றின்மேல் ஒன்றாகவே விழுந்தன. மாமா துண்டைக் கடித்துக்கொண்டு இழுப்பார். பெஞ்சுக்கு அடியில் மட்டும் அம்மா ஈரத்துணி போட்டுத் துடைப்பதில்லை. ஆடியில், கர்க்கடக மழை நேரத்தில், ஆசான் பத்தியத்தைக் கூட்டினார், கோடு கொஞ்சம் நகர்ந்தது. ஓணத்துக்கு இரண்டு ஊன்றுகோல் ஒன்றானது. கிறிஸ்துமஸ் சமயம் அதுவும் இல்லாமல் படகுத்துறை வரை நடந்தார். வீடே கொண்டாடியது, என்னைத் தவிர.

அப்பாவுக்குக் கிடங்கில் மூட்டை சுமக்கிற வேலை. அம்மா அங்கேயே இஞ்சி சுத்தம் செய்யப் போவாள். இருட்டிய பிறகுதான் இருவரும் வருவார்கள். மாமா வருவதற்கு முன் நான் கழுத்தில் சாவியோடு பள்ளிக்கூடம் போய்வந்து, பூட்டைத் திறந்து, தனியாக உட்கார்ந்திருப்பேன். அவர் வந்த பிறகு கதவு திறந்திருந்தது. சாயா இருந்தது, குதிரைக் கதை இருந்தது. கால் மடங்கினால் மறுபடியும் பூட்டுதான். ஆகவே மாசி மாதத்திலிருந்து கோட்டைச் சுவரைவிட்டு இரண்டு விரல் தள்ளி, குறைத்துப் போட ஆரம்பித்தேன்.

மூன்றாவது சனிக்கிழமை ஆசான் முழங்காலை மடக்கிப் பார்த்தார். தரையைப் பார்த்தார்.

"கை சொல்றது ஒண்ணு, கோடு சொல்றது வேற."

நான் சாக்பீஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். மாமா கோடுகளை வெகுநேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"கோடுதான் சரி, ஆசானே. அதுக்கு மேல மடக்குனா வலிக்குது."

ஆசான் எண்ணெய்க் கிண்ணத்தை நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தார். கால் மடங்கவில்லை, வேறு ஆள் பார்த்துக்கொள்ளவும் என்று அப்பா அஞ்சலட்டை எழுத, மாமா கையெழுத்துப் போட்டார்.

"ஒரு வருஷமாப் பட்ட பாடெல்லாம் இதுக்காடா தம்பி?" என்று அம்மா அழுதாள்.

"விடுக்கா. அக்கரையில பிராட்வேயில கடை வேலை இருக்காம். இங்கேருந்தே படகுல போயிட்டு வந்துடலாம்."

அப்பாவிடம் நான் அடி வாங்காமல் இருக்கத்தான் மாமா பொய் சொல்லித் தன் வேலையையே விட்டுக்கொடுத்தார் என்று நினைத்தேன். குற்ற உணர்ச்சி ஒருபக்கம், சந்தோஷம் ஒருபக்கம். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

சித்திரையில் குஜராத்தித் தெருவில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வெள்ளைக் குதிரைமேல் வருகிறார் என்று மாமாவை இழுத்துக்கொண்டு போனேன். கொஞ்சம்கூட நொண்டாமல்தான் வந்தார். பாண்டு சத்தத்தில் குதிரை மிரண்டு, தலையை உதறிப் பின்வாங்கியது. மாப்பிள்ளை அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டார். அப்பாவோடு மூட்டை சுமக்கிற ஒருவர் எங்களைப் பார்த்துவிட்டார்.

"ஓய் குதிரைக்காரா, நோக்கி நிக்காம வந்து பிடி."

கூட்டமே திரும்பியது. நான் நிமிர்ந்து நின்றேன். மாமாவும் ஓரடி பின்வாங்கினார், அவர் கை என் விரல்களை நெரித்தது. உள்ளங்கை நனைந்திருந்தது.

"கால் வய்ய, சேட்டா, முடியாது," என்றார்.

அதற்குள் யாரோ கடிவாளத்தைப் பிடித்துவிட்டார்கள். நாங்கள் திரும்பினோம். வீடு வரைக்கும் மாமா நொண்டினார். எங்கள் ரகசியம் வெளியே தெரியாமல் இருக்க எவ்வளவு அருமையாக நடிக்கிறார் என்று வியந்து, நானும் என் பங்குக்கு அவருக்குத் தோள் கொடுத்து நடந்தேன்.