மணி அடிக்காத இடம்

ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரியில், பார்க்க வந்தவர்களைக் கலைக்க மணி அடித்தாலே அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொள்வார். மணி அடிப்பவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

இடுப்பெலும்பு முறிந்த அம்மாவை எங்கள் ஊரான நெடுந்தீவுக்கு வள்ளத்தில் ஏற்ற முடியாது என்றார்கள். பக்கத்திலிருந்த முதியோர் இல்லத்தில் சேர்த்தோம்.

"இஞ்சை மணி அடிக்கமாட்டினம் அம்மா. நான் விரும்பின நேரம்வரை இருக்கலாம்" என்றேன், பயம் தெளியட்டும் என்று.

அம்மா சுற்றிவரப் பார்த்தார். எல்லாக் கட்டில்களிலும் கிழவிகள். அருகில் போட்டிருந்த கதிரைகளில் ஒருவருமில்லை.

"ஆக்கள் வாற இடத்திலைதானே பிள்ளை மணி அடிப்பினம்" என்றார்.

இருட்டினால் சுடுகிற நேவிக்குப் பயந்து கடைசி வள்ளம் வெயிலோடேயே புறப்பட்டுவிடும். நான் எழும்பினேன். அம்மா என் கையைப் பிடிக்கவில்லை. கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார்.