ஏரிக்குள் நின்ற கம்புகள்

அன்று எங்கள் வீட்டில் இருந்தது ஐந்து பேர். நான், என் மனைவி, ஒன்பது வயதான எங்கள் மகள், பழவேற்காட்டிலிருந்து வந்திருந்த என் மச்சான், எதிர்வீட்டு வேன் டிரைவர். வேறு யாரும் இல்லை.

டிரைவர் கவரைப்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்கு ஆள் ஏற்றிப் போகிறவர். ஆயுத பூஜைக்குக் கம்பெனிகள் லீவு விட்டால் வண்டி சும்மா நிற்குமே என்று, தெருக்காரர்களைச் சேர்த்து டூர் கூட்டிப் போவார். இந்த முறை தேக்கடி. பெரிய காடு, நடுவில் ஏரி. படகில் உட்கார்ந்தபடியே, கரைக்குத் தண்ணீர் குடிக்க வரும் யானையைப் பார்க்கலாம். டிரைவரின் போனில் அந்த வீடியோவைப் பார்த்த நாளிலிருந்து என் மகள் ஒரு பையில் துணி அடுக்கி வைத்துவிட்டாள். கிளம்ப இன்னும் வாரக்கணக்கில் நாள் இருந்தது.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். இரும்புக் கம்பி உருட்டும் இடத்தில் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பி பக்கத்தில் ஓடும்போதுகூட எனக்கு அவ்வளவு பயம் வராது. அது எந்த வழியாக வரும் என்று தெரியும். வழி தெரியாமல் வருவதுதான் என்னை ஆட்டிவைக்கும். மகளுக்கு வலிப்பு உண்டு. ஏழு வயதில் ஒருநாள் குளிக்கப் போனவள், சத்தமே இல்லாமல் பக்கெட்டுக்குள் தலை கவிழ்ந்து கிடந்தாள். சோப்பு கொடுக்கப் போனதால் பார்த்தேன். அரை பக்கெட் தண்ணீர்தான். அதற்குப் பிறகு ஒருமுறைகூட வரவில்லை. மாத்திரையை விடக்கூடாது, தூக்கம் கெடக்கூடாது, தண்ணீர் பக்கம் ஒரு ஆள் கூடவே இருக்கவேண்டும், மற்றபடி எங்கே வேண்டுமானாலும் கூட்டிப் போங்கள் என்றார் டாக்டர். அந்த 'மற்றபடி' மட்டும் என் காதில் ஏறவில்லை.

"ராத்திரியில ஓட்டுவியா?" என்று டிரைவரைக் கேட்டேன்.

"இல்லண்ணா. புள்ள தூங்கணும்னு நீ சொன்ன இல்ல, மத்தவங்க கிட்டயும் பேசிட்டேன். விடிகாலைல கெளம்பறோம், திண்டுக்கல்லுல ரூம் போட்டு தங்கறோம்."

"காட்டுக்குள்ள டவர் எடுக்குமா?"

"எடுக்கும்."

"ஆஸ்பத்திரி?"

"பக்கத்துல குமுளியிலயே இருக்கு."

"யானை படகு கிட்ட வந்துட்டா?"

"வந்தா உன்ன மொதல்ல எறக்கி உட்டுட்டு நாங்க கெளம்பிடறோம்."

எல்லோரும் சிரித்தார்கள். மகள்தான் அதிகமாகச் சிரித்தாள்.

"பேஜார் புடிச்ச மனுஷன்டா இது," என்றாள் மனைவி தம்பியிடம். "கேஸ மூடிட்டு வந்து படுக்கும். மறுபடி எழுந்து போயி மூடும்."

மச்சான் என் தொடையில் தட்டினான். "இன்னா மாமா, ஏரி தான? எங்க ஏரிய பாத்த இல்ல?"

பார்த்திருந்தேன். முந்தைய மாதம் பழவேற்காட்டில் அவன் படகில் என்னை ஏற்றிப்போய், கரை ஒரு கோடாகத் தெரிகிற நடு ஏரியில் தொப்பென்று குதித்தான். நான் போட்ட கூச்சல் ஊருக்கே கேட்டிருக்கும். அவன் எழுந்து நின்றான். தண்ணீர் இடுப்பு வரைதான். அங்கே பெண்கள் மீன் போடும் பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, தண்ணீருக்குள் கையால் துழாவி இரால் பிடிப்பார்கள். எனக்குத் தெரிந்த இன்னொரு ஏரி சோழவரம். கோடையில் அதன் தரையில் மாடு மேயும்.

மச்சான் டிரைவரின் போனை வாங்கி வீடியோவை நிறுத்திக் காட்டினான். "இத பாரு. தண்ணி பூரா கம்பு நட்டு வெச்சிருக்கான். வலை கட்ற கம்பு. ஆளு எறங்கி நின்னு தான இத நட்டிருக்கணும்? எங்க ஊரு மாதிரியே தான்."

ஏரி முழுக்கக் கறுப்புக் கறுப்பாகக் கம்புகள் நின்றன. ஒன்றின்மேல் பறவை உட்கார்ந்திருந்தது. எனக்கு மூச்சு சீரானது. உள்ளே போய் முன்பணமாக மூவாயிரம் எடுத்து வந்து டிரைவர் முன்னால் வைத்தேன்.

"அந்த வலையில இன்னா மீனு மாட்டும்?" என்று சும்மா கேட்டேன்.

"எந்த வலை?"

"கம்பு நட்டு வெச்சிருக்காங்களே."

டிரைவர் போனைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். "அண்ணா, அது கம்பு இல்ல, மரம். அணை கட்டனப்போ காடு அப்பிடியே முழுகிப் போச்சாம். பட்டுப்போயி நிக்குது. நீ பாக்கறது அதோட மேல்முனை."

"அப்போ கீழ எவ்ளோ ஆழம்?" என்றான் மச்சான்.

"யாருக்குத் தெரியும்? மரம் எவ்ளோ ஒசரமோ அவ்ளோ இருக்கும்."

தண்ணீரிலேயே பிறந்து வளர்ந்தவன் மச்சான். அவனே வீடியோவை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தான். வைத்த பணத்தை என் கை தானாகத் திரும்ப எடுத்தது.

"நாங்க வரல. நீங்க போய்ட்டு வாங்க."

மகள் எழுந்தாள். பையைத் திறந்து மஞ்சள் கவுனை எடுத்துக் கொடியில் போட்டாள். "எனக்கு யானை வேணாம் நைனா. அது நாறும்," என்றாள். பிறகு குடத்திலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் மொண்டாள். இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்குத் தள்ளியே வைத்துக்கொண்டு, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடித்தாள். அப்படி அவள் ஒருநாளும் குடித்ததில்லை.

மனைவியும் அதைப் பார்த்துவிட்டாள். "பாத்தியா," என்றாள் என்னிடம். "பக்கெட்டுல உழுந்து எழுந்தப்போ கூட அது பயப்படல. இப்ப நீ இன்னாத்த ஊட்டி வெச்சிருக்க பாரு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

கையிலிருந்த நோட்டுகளை மடித்தேன், விரித்தேன். பிறகு நான்தான் கேட்டேன். "படகுல மாட்டி உடற அந்த லைஃப் ஜாக்கெட்டு, சின்னப் புள்ளைங்க சைஸுல இருக்குமா?"

டிரைவர் இந்த முறை கிண்டல் செய்யவில்லை. "இருக்கும்ணா. போடாம படகுல ஏத்தவே மாட்டாங்க."

"நானும் வர்றேன் மாமா," என்றான் மச்சான். "ஒரு பக்கம் நீ குந்திக்கோ, ஒரு பக்கம் நான் குந்திக்கறேன். புள்ள கைய உட மாட்டேன். ஆனா இப்ப தொழில் இல்ல, கைல டப்பு இல்ல."

"உன் சீட்டுக்கும் காசு நான் குடுக்கறேன். நீ வந்தா போதும்."

மறுபடியும் மூவாயிரத்தை வைத்தேன். உள்ளங்கை வேர்வையில் நோட்டுகள் ஒட்டிக்கொண்டு வந்தன. பயம் எங்கேயும் போகவில்லை. கண்ணை மூடினால் அந்தக் கறுப்பு முனைகள் நின்றன. என் மனசு ஒவ்வொரு மரத்தையும் பிடித்துக்கொண்டு கீழே கீழே இறங்கியது, தரை தட்டவே இல்லை.

மகள் கொடியிலிருந்து கவுனை எடுத்து மடித்தாள். "நைனா, நீயும் ஜாக்கெட்டு போட்டுப்ப இல்ல?"

"போட்டுக்கறேன்."

"கரையிலயே போட்டுக்கும் உங்க நைனா," என்றாள் மனைவி. டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு பணத்தை எண்ணிச் சட்டைப்பையில் வைத்தார்.

தலைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, நான்கு பேருக்குப் பத்தாயிரம். கிளம்புவதற்கு முன்னால் நான் அவருக்குத் தரவேண்டிய பாக்கி ஏழாயிரம் ரூபாய்.