ரயில்வே கேட்டில் ஒரு குட்டி

பூதலூர் போகும் வழியில் ஒரு ரயில்வே கேட். அங்கே கேட் கீப்பராக இருந்த அம்மாவைத் தினமும் பார்ப்பேன். புடவைக்கு மேல் நீலச் சட்டை, நெற்றியில் பெரிய பொட்டு. காலடியில் ஒரு நாய்க்குட்டி. ரயில் சத்தம் கேட்டால் அது மிரண்டு தண்டவாளத்தை நோக்கியே ஓடும். அதனால் கயிற்றில் கட்டியிருந்தார்.

ரயில் தூரத்தில் வரும்போதே, "உக்காருங்க" என்பார். உட்கார்ந்தால் ஒரு துண்டு பிஸ்கட். துள்ளினால் திட்டமாட்டார், மறுபடியும் "உக்காருங்க"தான்.

"நாய்க்குப் போயி இவ்வளவு மரியாதையாம்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதட்டுனா இன்னும் மிரளும் சார். நேத்து இன்ஜின் வர்ற வரைக்கும் உக்காந்துச்சு. இன்னிக்கு ரெண்டு பெட்டி போற வரைக்கும். போதுமே!"

குறுவை நட்டதிலிருந்து கதிர் முற்றும் வரை இதே பாடம் நடந்தது. அறுவடை சமயத்தில் ஒரு காலை, கயிற்றை அவிழ்த்துவிட்டார். எக்ஸ்பிரஸ் தடதடவென்று கடந்தது. குட்டி காதை மடக்கிக்கொண்டு, கடைசிப் பெட்டி போகும் வரை உட்கார்ந்தே இருந்தது.

அவர் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, குட்டியை வாரித் தூக்கிக் கொஞ்சினார். கேட்டைத் திறக்கவே மறந்துவிட்டார். இரண்டு பக்கமும் வண்டிகளோடு வரிசையாக நின்றிருந்தோம். ஒருவர்கூட ஹாரன் அடிக்கவில்லை.